கணிப்பொறி மொழிகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

சென்ற மாதம் நமது புணே சங்கக் கூட்டம் முடிந்து, ஜமக்காளங்களைச் சுருட்டி வைத்துவிட்டுக் காப்பிக்குக் காத்திருந்த வேளையில் வாசற்பக்கம் பெருஞ் சத்தம் கேட்டது. ஹிஞ்சவாடியில் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகள் நால்வர் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தனர். பணத் தகராறோ என்று அஞ்சி எட்டிப் பார்த்தோம். மொழித் தகராறு! தமிழா, ஹிந்தியா, மராத்தியா என்பதன்று; பைதான் சிறந்ததா, ஜாவா சிறந்ததா, சி சிறந்ததா என்று, கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் மொழிகளைப் பற்றிய வாக்குவாதம்.

நாம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்காரும் குமாஸ்தா. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அம்மொழிகளுள் ஒன்றையும் அறியோம். ஆயினும் இத்தொழிலில் ஒரு பிள்ளையேனும் இல்லாத வீடு நம் சங்கத்தில் அரிதாகிவிட்டபடியால், அவர்கள் எதற்காக இவ்வளவு கொதிக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிவது நல்லதென்று தோன்றியது. அன்று கேட்டதை எழுதுகிறோம்.

எந்திரம் அறிந்தவை பூஜ்யமும் ஒன்றுமே. மனிதர் எழுதக்கூடிய சொற்களை அவ்விரண்டாக மாற்றித் தருவதற்கென்று ஏற்பட்டவையே இம்மொழிகள். 1957-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் விஞ்ஞானக் கணக்குக்காக ஃபோர்ட்ரானை வெளியிட்டனர். 1972 வாக்கில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். பைதான் 1991-ல் வந்தது, ஜாவா 1995-ல்.

சி மொழிப் பிள்ளைக்குத் தம் மொழியின் வேகத்தில் பெருமை. நினைவகத்தில் இடம் கேட்பதும், வேலை முடிந்ததும் திருப்பித் தருவதும் அதில் எழுதுபவர் பொறுப்பே. "மறந்துபோனால் எந்திரமே திணறும், ஜாவாவில் அந்தக் குப்பையைப் பெருக்க ஆள் இருக்கிறது" என்றார் ஜாவாப் பிள்ளை. பைதானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டாம். ஓர் இடைவெளி பிசகினால் நிரல் நின்றுவிடும் என்று இருவரும் சேர்ந்து பைதான்காரரைக் கேலி செய்தனர்.

நான்காமவர், கட்கியிலிருந்து வரும் பிள்ளை, அதிகம் பேசவில்லை. அவர் எழுதுவது கோபால். ஆளின் பெயரென்றே நாமும் முதலில் நினைத்தோம்! வியாபாரக் கணக்குக்காக 1959-ல் அமெரிக்காவில் கூடிய குழு வகுத்த மொழியாம் அது. கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் அதற்கு முன்பு அமைத்த மொழியொன்றே அதற்கு வழிகாட்டி. வேலைக்குச் சேர்ந்த நாளில் கம்பெனி அவரை அந்தப் பிரிவில் உட்கார வைத்தது. மூன்றாண்டுகள் ஆயின. "நீ இருப்பது கம்ப்யூட்டர் கம்பெனியா, தொல்பொருள் இலாகாவா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை.

இக்கேலி இன்று நேற்று வந்ததன்று. டைக்ஸ்ட்ரா என்னும் நெதர்லாந்து அறிஞர், கோபால் அறிவை முடமாக்குவது, அதைக் கற்பிப்பதைக் குற்றமாகவே கொள்ளவேண்டும் என்ற கருத்தில் 1975-லேயே எழுதியிருக்கிறார். பேரறிஞர்களும் இவ்விஷயத்தில் நிதானம் இழக்கிறார்கள் என்பதில் நமக்குச் சிறிது ஆறுதல்.

இதுவரை தூணருகே வாளா அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிவைத்த பழைய நிரல்களெல்லாம் 2000 பிறந்தால் தடுமாறும் என்று உலகம் அஞ்சிய நாளில், அவற்றைத் திருத்தக் கடல் கடந்து சென்ற நம்மவருள் அவர் ஒருவர். "தம்பி, அந்தப் பெட்டியைத் திற. உன் பைதானில் புள்ளி ஒன்றையும் புள்ளி இரண்டையும் கூட்டு" என்றார். விடையாகப் புள்ளி மூன்று வந்தது. ஆனால் அதன்பின் பதினைந்து பூஜ்யங்கள், கடைசியில் ஒரு நான்கு! நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவுண்டரில் ரூபாய் குறைந்தால் நம் கைப்பணம் போகிறதே.

பெரியவர் விளக்கினார். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் முடிவின்றி நீளுவது போலவே, பத்தில் ஒரு பங்கை இரண்டின் அடிப்படையில் எழுதினாலும் நீளும். எந்திரம் ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. கோபாலில் பணத்தை இத்தனை இலக்கம் ரூபாய், இரண்டு இலக்கம் பைசா என்று முன்னரே வரையறுத்துத் தசமத்திலேயே கணக்கிடுவார்கள். பாங்குகள் அதை விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

"பைதானிலும் தசமத்துக்குத் தனிக் கருவி உண்டு மாமா, அதை எடுத்துக்கொண்டால் சரியாக வரும்" என்றார் பைதான்காரர்.

"எடுத்துக்கொள்ள ஞாபகம் இருக்கவேண்டுமே, தம்பி."

இருவர் சொன்னதும் சரியென்றே நமக்குப் பட்டது. நிற்க. 2020 ஏப்ரலில், கொள்ளைநோயால் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்து அரசாங்கத்தின் பழைய எந்திரங்கள் திணறியபோது, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபால் அறிந்தவர்கள் உதவ வரவேண்டுமென்று அழைத்ததையும் பெரியவர் பெருமையாகச் சொன்னார். அப்போதுதான் கட்கிப் பிள்ளை வாய் திறந்தார்.

"தொண்டர்களாகத்தானே மாமா கூப்பிட்டார், சம்பளத்துக்கா? வேறு கம்பெனிக்குப் போனால் என் மூன்று வருஷத்தைக் கணக்கிலேயே எடுக்கமாட்டேன் என்கிறார்கள். மொழி சாகாது, அதோடு நான் கிடந்து சாகணுமா? அக்கா கல்யாணக் கடன் இருக்கிறது."

ஒருவரும் பேசவில்லை. பெரியவரிடத்திலும் இதற்கு விடை இருக்கவில்லை. அவர் காலத்தில் அம்மொழி அவரை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றது. இவரையோ ஒரே நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறது. மற்ற மூவருக்கும் குரல் உயர்ந்ததன் காரணம் நமக்கு அப்போதே விளங்கிற்று. பைதானுக்கு மவுசு குறைந்தால் தம் நிலையும் இதுதானே என்ற அச்சம் அவர்கள் உள்ளத்திலும் இருந்தது போலும்.

மௌனத்தைக் கலைக்க ஜாவாப் பிள்ளை, "அண்ணா, உங்கள் கவுண்டரில் ஓடுவது எந்த மொழி?" என்று நம்மைக் கேட்டார். கான்செர்ட் என்னும் நம் முன்பதிவு நிரல் 1990-களில் சி மொழியும் ஃபோர்ட்ரானும் கலந்து எழுதப்பட்டது என்றும், 1999-க்குள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து கேந்திரங்களும் அதனால் இணைக்கப்பட்டன என்றும் கேள்விப்பட்டதைச் சொன்னோம். சி மொழிப் பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் தீபாவளிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்குமா?" என்றார் பைதான்காரர். அறுபது நாள் முன்னதாகக் காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்கச் சொன்னோம்.

கலைந்து செல்லும்போது ஜாவாப் பிள்ளை கட்கிப் பிள்ளையின் தோளைத் தொட்டு, "சனிக்கிழமை என் ரூமுக்கு வாடா. ஜாவா ஆரம்பிக்கலாம். எங்கள் பாங்கு வேலையில் பழைய கோபால் ஒன்று குறுக்கே நிற்கிறது, நீ அதைக் கொஞ்சம் படித்துச் சொல்லு" என்றார். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதன்பின் இரண்டு சனிக்கிழமைகள் சென்றுவிட்டன. இரண்டிலும் போயிருந்தார் என்று கேள்வி.