நெருப்பை அணைக்க ஓடுமுன்...

ஊரில் கிடுகு வேலியில் நெருப்புப் பிடித்தால் தீயணைப்பு வண்டி வரட்டும் என்று எவரும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஒருவர் கிணற்றில் தண்ணீர் அள்ளுவார், இன்னொருவர் வாளியை வாங்கி ஓடுவார், மற்றவர்கள் பச்சைக் குழையால் அடித்து அணைப்பார்கள். அந்தப் பழக்கம் எம்முடன் இலண்டனுக்கும் வந்திருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் அப்படி ஓடுபவரின் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதையும் நாம் அறிந்திருப்பது அவசியம்.

இலண்டனிலும் நடந்தது

2022ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி பிரித்தானியாவில் முதன்முறையாக வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டியது. அன்று பிற்பகல் கிழக்கு இலண்டனின் எல்லையில், றெயினத்துக்கு அருகே வயல்கள் சூழ்ந்த வெனிங்டன் கிராமத்தில் காய்ந்த புல்லில் பரவிய நெருப்பு பதினைந்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. இல்ஃபேர்ட், ஈஸ்ட்ஹாம் பகுதிகளில் வாழும் எம்மவர்களுக்கு இது தூரத்து ஊர் அல்ல.

வழக்கமாக நாளொன்றுக்குச் சுமார் 350 அழைப்புகள் பெறும் இலண்டன் தீயணைப்புப் படைக்கு அன்று 2,600க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அவர்களுக்கு அவ்வளவு வேலை நிறைந்த நாள் வேறில்லை. அன்று இலண்டனில் 16 தீயணைப்பு வீரர்கள் வெப்பத்தாலும் வேறு காரணங்களாலும் பாதிக்கப்பட்டார்கள். பயிற்சியும் பாதுகாப்பு உடையும் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், செருப்புடனும் நைலோன் ரீசேட்டுடனும் ஓடும் எமது நிலை என்ன?

தொண்டர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் கிராமப்புறத் தீயணைப்பைப் பெரும்பாலும் தொண்டர்களே செய்கிறார்கள். விவசாயிகள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள் எனப் பலரும் அதில் இருக்கிறார்கள். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி அங்கே 173 பேரைப் பலிகொண்ட பெருந்தீயிலும் முன்னுக்கு நின்றவர்கள் இவர்களே. ஆனால் இவர்கள் பயிற்சி பெற்றவர்கள். தனியே போகமாட்டார்கள். திரும்பி வரும் வழியைப் பார்த்து வைத்துவிட்டே நெருப்புக்குக் கிட்டப் போவார்கள்.

இலண்டனில் தொண்டர் படை இல்லை. இங்குள்ளவர்கள் முழுநேர வீரர்கள். ஆகவே இங்கே எமது முதல் உதவி 999க்கு அழைத்து இடத்தைச் சரியாகச் சொல்வதும், முதியோரையும் பிள்ளைகளையும் அப்புறப்படுத்துவதும்தான்.

சுவாலையை விடப் புகை முந்தும்

புல் நெருப்பு காற்றோடு மனிதன் ஓடுவதை விட வேகமாகப் போகக்கூடியது. அதற்கு முன்பே புகை வந்துவிடும். புகையில் உள்ள நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களைக் கடுமையாகப் பாதிக்கும். அதிலுள்ள காபன் மொனொக்சைட் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்வதைத் தடுக்கும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஈரத்துணியோ சாதாரண முகக்கவசமோ இந்த வாயுவைத் தடுக்காது.

புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணிநேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம். "இப்ப சுகமாயிருக்கு" என்று விட்டுவிடக்கூடாது. குரல் கரகரத்தாலோ, மூக்கிலும் வாயிலும் கரி படிந்திருந்தாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022இல் தீயணைப்புத் தொழிலைப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதலாவது பிரிவில் சேர்த்தது. புகை படிந்த உடுப்புடன் வீட்டுக்குள் நுழையாமல், அதைக் கழற்றிப் புறம்பாகக் கழுவி, உடனே குளிப்பது நல்லது.

தீக்காயத்துக்குப் பற்பசை வேண்டாம்

எமது வீடுகளில் இன்றும் நடக்கும் தவறு இது. பற்பசை, மஞ்சள், வெண்ணெய், எண்ணெய், ஐஸ் எதையும் காயத்தில் வைக்கக்கூடாது. அவை வெப்பத்தை உள்ளே அடைக்கும் அல்லது காயத்தை மேலும் பழுதாக்கும். செய்ய வேண்டியவை:

1. காயத்தை ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடங்கள் பிடியுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் பிடியுங்கள்; இரண்டு நிமிடம் போதாது.
2. வீங்குமுன் மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை இழுக்க வேண்டாம்.
3. சமையலறையில் உள்ள கிளிங் ஃபில்மை காயத்தின் மேல் படிய வையுங்கள். சுற்றி இறுக்க வேண்டாம்.
4. உடம்பின் மற்றப் பகுதிகளைப் போர்வையால் மூடிச் சூடாக வைத்திருங்கள்.
5. உள்ளங்கையை விடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டுகளில் ஏற்பட்ட காயம், வெள்ளையாகவோ கருகியோ போன தோல் என்றால் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர் விடயத்தில் தாமதம் வேண்டாம்.

வெப்பத்தால் களைத்தவரை நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். 30 நிமிடத்தில் தேறாவிட்டாலோ, குழப்பமாகப் பேசினாலோ, நினைவு தப்பினாலோ 999.

வெயில் காலத்துக்கு முன்னர்

காய்ந்த புல் மேல் ஒருதடவைப் பாவனை பாபெக்கியூ வைக்க வேண்டாம். தோட்டக் குப்பையை எரிக்க வேண்டாம். உரக்குவியலை வேலிக்கும் கொட்டகைக்கும் ஒட்டி வைக்க வேண்டாம். வெப்பத்தில் அது தானாகவே புகையத் தொடங்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைவசம் வைத்திருங்கள்.

உதவிக்கு ஓடும் மனம் எம்மிடம் மாறாமல் இருக்கட்டும். ஆனால் ஓடுமுன் 999க்கு அழையுங்கள். உதவப் போனவரையே மற்றவர்கள் தூக்கி வரவேண்டிய நிலை எமக்கு வேண்டாம்.