மலைச்சாலையில் ஒரு விநாடி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் சென்றவர்களுள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணாதவர் அநேகமாக இருக்க மாட்டார்கள். மொத்தம் இருபது வளைவுகள். இருபதாவதைத் தாண்டியதும் காற்று குளிர்கின்றது. பயணிகள் சன்னலை மூடுகின்றனர்.

இந்தச் சாலைக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனைக் காலம் வருகின்றது. கோடையைக் கழிக்க வந்த கார்களின் கூட்டம் முழுதும் கரையும் முன்பே ஜூன் மாதம் பிறந்து பள்ளிகள் திறந்துவிடுகின்றன. அதே நாட்களில்தான் பருவமழை மேகங்களும் சேர்வராயன் மலைமீது வந்து தங்கத் தொடங்குகின்றன. விடுமுறை முழுவதும் வெறுமையாகக் கிடந்த சாலையோரம் ஒரே காலைப்பொழுதில் சீருடைகளால் நிறைகின்றது. தோட்டக் குடியிருப்புகளிலிருந்து நடந்து வருவோர் ஒரு பக்கம். 1917-இல் தொடங்கப்பட்ட மான்ட்போர்ட் போன்ற விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வரும் வெளியூர்க் கார்கள் மறுபக்கம். சாலையில் மழை ஈரம், கண்ணெதிரே மூடுபனி. ஓட்டுநரின் மனமோ நேற்றைய வெறும் சாலையிலேயே இருக்கின்றது.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். தாளும் பென்சிலும் போதும்.

ஒரு குழந்தை குறுக்கே ஓடுகின்றது என்று கண் காண்கின்றது. மூளை முடிவு செய்கின்றது. கால் ஒரு மிதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகின்றது. இதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் அந்த ஒரு விநாடியில் 11 மீட்டர் முன்னே போய்விடும். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 11 மீட்டர்! அதன் பிறகுதான் டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு தன் வேலையைத் தொடங்குகின்றது. உலர்ந்த சமதளச் சாலையில் மேலும் 9 மீட்டரில் கார் நின்றுவிடும். ஆக மொத்தம் 20 மீட்டர்.

மழை பெய்தால் உராய்வு குறைகின்றது. இறக்கமாயின் ஈர்ப்புவிசை வண்டியைக் கீழ்நோக்கி இழுத்து, எஞ்சியுள்ள உராய்விலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றது. உலர்ந்த சாலையின் உராய்வுக் கெழு 0.7 என்றும், நனைந்த சாலைக்கு அது 0.4 என்றும், இறக்கம் 15-க்கு 1 என்றும் கொண்டால், அதே 40 கி.மீ. காருக்கு நிற்க 30 மீட்டர் வேண்டும். மணிக்கு 30 கி.மீ. ஆனால் 19 மீட்டர், 20 கி.மீ. ஆனால் 10 மீட்டர், 50 கி.மீ. ஆனால் 43 மீட்டர்.

இந்த எண்களில் ஒளிந்திருக்கும் ஒரு செய்தியைப் பலர் அறிவதில்லை. நனைந்த இறக்கத்தில் இரண்டு கார்கள் வருகின்றன என்போம். ஒன்றின் வேகம் 40, மற்றொன்றின் வேகம் 50. சரியாக 30 மீட்டருக்கு அப்பால் ஒரு சிறுமி சாலையில் இறங்குகின்றாள். முதல் கார் அவளைத் தொடும் தறுவாயில் நின்றுவிடுகின்றது. இரண்டாவது கார்? அது பிரேக் போடுமுன்பே 14 மீட்டர் வந்துவிட்டது. மீதி 16 மீட்டரில் வேகத்தை ஓரளவே குறைக்க முடியும். சிறுமி நிற்கும் இடத்தை அடையும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 34 கி.மீ. ‘பத்து கிலோமீட்டர்தானே கூட’ என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். 34 கி.மீ. வேகத்தில் மோதுவது என்பது நாலரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

மூடுபனியில் ஓட்டும் விதியும் இதிலிருந்தே கிடைக்கின்றது. 20 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லையென்றால், அந்த 20 மீட்டருக்குள் நிற்கக்கூடிய வேகமே உரிய வேகம். நனைந்த இறக்கத்தில் 30 கி.மீ. என்பதே அதன் விளிம்பு.

பிரேக்கைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 10 டன் எடையுள்ள பேருந்து மலையிலிருந்து 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், 30 டிகிரியில் இருக்கும் 330 லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்! காற்றின் தடையும் பிறவும் ஒரு பங்கை ஏற்றாலும், பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும் ஓட்டுநர் எஞ்சிய சூட்டையெல்லாம் பிரேக் கட்டைகளின் தலையில் ஏற்றுகின்றார். அளவுக்கு மீறிச் சூடேறினால் அவற்றின் பிடிப்புக் குறைந்துவிடும். மிதித்தும் வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைச்சாலையில் பழகியவர்கள் சொல்வது இதனால்தான். அப்போது எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கின்றது. மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தின் அருகே வந்து சேரும்போது பிரேக் பிடிக்குமா என்பது மேலே, இருபதாவது வளைவில் தேர்ந்தெடுத்த கியரைப் பொறுத்தது. இந்தச் சாலை எவ்வளவு கண்டிப்பானது என்பதை 2024 ஏப்ரல் 30 அன்று நாம் கண்டோம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து ஒன்று வளைவில் கவிழ்ந்து விழுந்து பலர் உயிரிழந்தனர்.

சரி, குழந்தைகள் பார்த்துக் கடக்கக் கூடாதா? பார்க்கத்தான் செய்கின்றனர், ஆனால் அவர்கள் காண்பது நாம் காண்பதன்று. நம்மை நோக்கி வரும் வண்டியின் உருவம் விழித்திரையில் பெரிதாகிக்கொண்டே வருவதைக் கொண்டுதான் அதன் வருகையை உணர்கின்றோம். தொலைவில் இருக்கும்போது இந்தப் பெருக்கம் மிக மெல்ல நிகழும். அதைக் கண்டுகொள்ளும் திறன் சிறுவர்களுக்கு இன்னும் முதிரவில்லை. மணிக்கு 32 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் வரும் வண்டியைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சரிவர உணர முடியாமல் போகலாம் என 2011-இல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதற்கு வெகுகாலம் முன்பே, 1960களில், சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஸ்டீனா சாண்டல்ஸ் குழந்தைகளைச் சாலையில் நேரில் கவனித்து, போக்குவரத்துக்கு ஏற்பக் குழந்தையை மாற்றிவிட முடியாது, குழந்தைக்கு ஏற்பப் போக்குவரத்தைத்தான் மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பெற்றோர்கள் ஒருமுறை முழங்காலிட்டு, பிள்ளையின் உயரத்திலிருந்து ஏரிக்கரைச் சாலையைப் பார்க்கட்டும். நிறுத்தி வைத்த கார் ஒன்றே போதும், சாலை முழுவதும் மறைந்துவிடும்.

நம் மாநிலத்தில் சட்டம் துயரத்தின் பின்னாலேயே வந்திருக்கின்றது. 2012-இல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பின், பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் பிறந்தன. மஞ்சள் வண்ணம், உதவியாளர், அவசர வழி, 40 கி.மீ.க்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியன கட்டாயமாயின. 2022-இல் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் மாண்டபின், ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடங்களைக் காட்டும் காமிராக்களும் சேர்க்கப்பட்டன. பள்ளி திறக்குமுன் வண்டிகளைச் சோதிப்பதும் நடக்கின்றது. ஆனால் 40 என்பது உச்ச வரம்பேயன்றி, மூடுபனியில் ஓட்ட வேண்டிய வேகம் அன்று.

மாணவர்களுக்கென ஒரு செய்தி பாக்கி இருக்கின்றது. வளைவில் திரும்பும் பேருந்தின் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5 மீட்டர் உள்ள பேருந்தின் முன் அச்சு 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பினால், பிதாகரஸ் தேற்றத்தின்படி பின் அச்சு 10.9 மீட்டர் ஆரத்தில் வரும். அதாவது ஒரு மீட்டருக்கும் மேலாக உட்புறம் ஒதுங்கி வரும். பேருந்தின் முன்பகுதி தாராளமாக இடம்விட்டுக் கடந்ததைக் கண்டு, வளைவின் உள்ளோரத்தில் நிற்பவன் தனக்கு ஆபத்தில்லை என்று நினைப்பான். பின் சக்கரம் அவன் நிற்கும் இடத்துக்கே வரும். வெளிப்புறமும் முழுப் பாதுகாப்பன்று; பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதி அந்தப் பக்கமாகச் சற்று வீசும். ஆகவே பேருந்துக்காகக் காத்திருப்பதும் சாலையைக் கடப்பதும் வளைவை விட்டுத் தள்ளி, இரு பக்கமும் நெடுந்தூரம் தெரியும் நேரான பகுதியில் இருக்கட்டும். பனி கவிந்த காலையில் மழைக்கோட்டு வாங்கும்போது கறுப்பையும் கருநீலத்தையும் விட்டு மஞ்சளைக் கேளுங்கள். ஓட்டுநருக்கு அது இன்னும் சில மீட்டர் முன்னதாகவே தெரியும்.