விமான நிலையத்து அறை: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது?

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. முல்லைத்தீவிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வவுனியாவிலிருந்து சற்றுக் குறைவு. கொழும்பில் இருப்பவர் வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு விமானம் ஏறப் போகலாம். எங்கள் பகுதிப் பெண்ணுக்கு அது முடியாது. ஒரு நாள் முன்னதாகவே புறப்பட வேண்டும். பஸ் பிந்தினால் விமானம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், இரவில் எங்கே தங்குவது என்ற யோசனை மறுபக்கம். ஆகவே கட்டுநாயக்க, சீதுவை, நீர்கொழும்புப் பகுதிகளில் ஓர் அறை எடுப்பது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. அது பயணச் செலவின் ஒரு பகுதி.

மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போகும் தாய், கணவனிடம் முதன்முறையாகப் போகும் இளம் மனைவி, கனடாவிலிருந்து வரும் மகளைக் கூட்டிவரப் போகும் அம்மா என்று பலவகைப்பட்டவர்களும் இந்த அறைகளில் தங்குகிறார்கள். இவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரேவிதமான முறைப்பாடுகளே வருகின்றன. சொன்ன காசு ஒன்று, கேட்ட காசு இன்னொன்று. படத்தில் கண்ட அறை ஒன்று, திறந்துவிட்ட அறை இன்னொன்று. ஐந்து மணித்தியாலம் படுத்ததற்கு இரண்டு நாள் வாடகை. இவற்றில் சில ஏமாற்று. சில, விடுதித் தொழிலின் நடைமுறை எங்களுக்குத் தெரியாததால் வருவன. இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது பயன் தரும்.

லொட்ஜ் என்ற சொல்லின் பின்னால்

வன்னி மக்களுக்கும் கொழும்பு விடுதிகளுக்கும் உள்ள தொடர்பு வெறும் வாடகைக் கணக்கு அல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்தேவி வவுனியாவுக்கு அப்பால் ஓடவில்லை. வன்னியிலிருந்து தெற்கே வருவதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் கிடைத்துக் கொழும்புக்கு வந்தவர்கள் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கிப் பொலிஸில் பதிவு செய்தார்கள். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் விமானச்சீட்டுக்கும் காத்திருந்தார்கள். காத்திருப்பு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீண்டது. வாடகையோ நாட்கணக்கில் ஏறியது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பணத்தின் பெரும்பங்கு இந்த அறைகளுக்கே போயிற்று.

2002இல் ஏ-9 பாதை திறந்தபோது இந்த நிலை சற்று மாறியது. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டதும் பழைய நிலையே திரும்பியது. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை பொலிஸார் கொழும்பு லொட்ஜ்களுக்குள் வந்து, தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்கிற்கும் அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் 376 பேர். அவர்களில் 85 பேர் பெண்கள். கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், மறுநாளே உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார்.

காசு கொடுத்து எடுத்த அறையிலிருந்து அதிகாலையில் எழுப்பி அனுப்பப்பட்ட அந்த நினைவு எங்கள் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. வரவேற்பு மேசையில் அடையாள அட்டையைக் கேட்டதும் சில அம்மாமாரின் கை நடுங்குவது இதனால்தான். அறையில் குறை இருந்தாலும், கணக்குப் பிழைத்தாலும், கேள்வி கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டு வருவதும் இதனால்தான். இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நாட்டுக்குள் சுதந்திரமாக நடமாடவும் தங்குமிடத்தைத் தெரிந்துகொள்ளவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை தருகிறது. அடையாள அட்டையைப் பதிவது எல்லா விருந்தினருக்கும் உள்ள நடைமுறை. அதைக் காட்டிய பின் நீங்களும் மற்றவரைப் போல ஒரு வாடிக்கையாளர். கேள்வி கேட்கலாம்.

விலை எப்படிக் கூடுகிறது?

தொலைபேசியில் சொல்லப்படும் விலை பெரும்பாலும் அறையின் வெறும் விலை. அதன்மேல் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்க்கும் வழக்கம் உண்டு. வரிக்குப் பதிவுசெய்த ஹொட்டேல்கள் பெறுமதி சேர் வரியையும் சேர்க்கும். இந்த வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். எனவே 10,000 ரூபா என்று சொன்ன அறை, இரண்டும் சேரும்போது 12,800 ரூபாவுக்குக் குறையாது. விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், இவை இன்னும் சேர்க்கப்படவில்லை என்று பொருள். சிறிய விடுதிகள் பலவற்றில் இந்த வரி இராது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “எல்லாம் சேர்த்து, கையில் கொடுக்கும் காசு எவ்வளவு?”

அடுத்தது நேரக் கணக்கு. பல ஹொட்டேல்களில் அறையின் நாள் பிற்பகல் 2 மணியளவில் தொடங்கி மறுநாள் நண்பகல் 12 மணியுடன் முடிகிறது. எங்கள் இரவு பஸ்ஸோ அனுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாக வந்து விடியப்புறம் 4, 5 மணிக்கு நீர்கொழும்புப் பக்கம் இறக்கிவிடும். விமானம் அன்று நள்ளிரவு தாண்டி 3 மணிக்கு. விடியப்புறம் அறைக்குள் போனால் முதல்நாள் வாடகை ஒன்று, நண்பகலுக்குப் பின் இருந்தால் அடுத்த நாள் வாடகை ஒன்று. இதுதான் இரண்டு நாள் வாடகையின் இரகசியம்.

இதற்கு வழி இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகள் பல, பகல் நேரத்துக்கு மட்டும் அறை தருகின்றன. சில மணித்தியாலக் கணக்கிலும் தருகின்றன. இரவு பஸ்ஸை விட்டு, காலைப் பஸ்ஸில் அல்லது ரயிலில் புறப்பட்டு மாலையில் வந்து சேர்ந்தால், குளித்து, சாப்பிட்டு, நாலு மணித்தியாலம் படுத்தெழும்ப ஒரு குறுகிய நேர அறை போதும். விமான நிலையத்திற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மூன்றாவது, இரண்டு விலை. இலங்கை அடையாள அட்டை உள்ளவருக்கு ஒரு விலையும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு டொலரில் இன்னொரு விலையும் சொல்லும் ஹொட்டேல்கள் உள்ளன. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, டொலர் ஒன்று 200 ரூபாவளவில் இருந்து சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. டொலர் விலையில் அறை எடுத்தவருக்கு அதே அறை அவ்வளவால் கூடிப்போயிற்று. எங்கள் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது: மகள் கனடாக் கடவுச்சீட்டு, அம்மா இலங்கை அடையாள அட்டை, இருவருக்கும் ஒரே அறை. எந்த விலை என்பதை முகாமையாளரே தீர்மானிக்கிறார். அதனால் இதை அறை எடுக்கும்போதே கேட்டு, பதிலைக் கைத்தொலைபேசியில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு இவ்வளவா, அறைக்கு இவ்வளவா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். பிள்ளைக்கு மேலதிக மெத்தை போட்டால் அதற்கும் காசு உண்டு.

அறைக்குள் எதைப் பார்ப்பது?

காசு கொடுக்கும் முன் அறையைப் பார்க்கக் கேட்பது தவறில்லை. விளம்பரத்தில் முதலில் வருவது தொலைக்காட்சியும் நீச்சல் தடாகமும். ஓரிரவு தங்கும் பெண்ணுக்கு வேண்டியவை வேறு.

கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? குளியலறை யன்னல் மூடுகிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? விரிப்பும் தலையணை உறையும் துவைத்தவையா? நுளம்பு வலை இருக்கிறதா? விமான நிலையம் உள்ள கம்பஹா மாவட்டம் டெங்கு நோயாளர் அதிகம் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. ஆகவே வலை இல்லாத அறையில் கைக்குழந்தையைப் படுக்க வைக்க வேண்டாம். முழங்கால் நோ உள்ளவர் உடன் வந்தால் கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். சிறிய விடுதிகளில் மின்தூக்கி இராது. பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் இரவிலும் கிடைக்குமா என்று கேளுங்கள். குளிரூட்டி உள்ள அறைக்கும் மின்விசிறி அறைக்கும் விலை வேறு. குளிரூட்டி வேண்டாம் என்றால் குறைத்துத் தருவார்கள்.

காலைச் சாப்பாடு சேர்த்த விலை என்பார்கள். அது ஏழு மணிக்குப் பிறகுதான் மேசைக்கு வரும். நீங்கள் நள்ளிரவில் புறப்படுகிறீர்கள். சாப்பாட்டைப் பார்சலாகத் தரும்படி முதல்நாளே சொல்லி வையுங்கள், அல்லது சாப்பாடு இல்லாத விலையைக் கேளுங்கள். விமான நிலையத்துக்கு வாகனம் உண்டு என்பார்கள். அது இலவசமா, காசுக்கா, ஒரு வழிக்கா, இரு வழிக்கா, இரவு பன்னிரண்டு மணிக்கும் ஓடுமா என்பவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். அறையில் மலிவு காட்டி, வாகனத்தில் அந்தக் காசை எடுக்கும் இடங்கள் உண்டு.

நீர்கொழும்பு நகரம் விமான நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீற்றரளவில் உள்ளது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். கடற்கரைத் தெருவில் இந்துக் கோவில்கள் உள்ளன; விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி அந்த நகரில்தான் இருக்கிறது. சிங்களம் தெரியாத அம்மாமாருக்கு, விமான நிலைய வாசலில் உள்ள விடுதியை விட நீர்கொழும்பு மனத்துக்கு ஆறுதலாக இருக்கக்கூடும். ஓட்டோச் செலவை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு

2009க்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் வன்னியில் பலர். நுண்கடன் தவணையும் பிள்ளைகளின் படிப்பும் நெருக்க, வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகிறார்கள். முகவர்கள் இவர்களை ஓரிரு நாள் முன்னதாகக் கூட்டிவந்து, ஓர் அறையில் பலராகத் தங்க வைப்பதுண்டு. இந்தத் தங்குமிடத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதை ஊரில் இருக்கும்போதே கேட்டுத் தெளிய வேண்டும். எந்தக் காசு கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். அறை வாடகைக்கு ஈடாகக் கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். பதிவுக்குப் பிரதி போதும். மூலப் பத்திரங்கள் உங்கள் கைப்பையில், உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் தங்க வேண்டும் என்று சொன்னால், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

திரும்பி வரும்போது கையில் காசில்லாமல், உடல்நலம் குன்றி, அல்லது துன்புறுத்தப்பட்டு வந்து இறங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் விடுதி தேடி அலையத் தேவையில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கட்டுநாயக்காவில் ‘சஹன பியச’ என்ற தங்குமிடத்தை இப்படியானவர்களுக்காகவே நடத்துகிறது. விமான நிலையத்திலுள்ள பணியகக் கருமபீடத்தில் சொன்னால் போதும். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸ் அவசர சேவை 119. சொன்ன விலைக்கு மேலாக அறவிட்டால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977இல் முறையிடலாம். பற்றுச்சீட்டு கையில் இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும்.

வழியனுப்பப் போகும் குடும்பம்

ஒருவர் பயணம் போனால் வான் பிடித்துப் பத்துப் பேர் கூடப் போவது எங்கள் வழக்கம். ஆண்கள் வானுக்குள்ளும் தெருவோரத்திலும் இரவைக் கழித்துவிடுவார்கள். பெண்களுக்கு மலசலகூடம் வேண்டும், பிள்ளைக்குப் பாலூட்ட ஒதுக்கிடம் வேண்டும், மாதவிடாய் நாளாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பத்துப் பேர் போவதைக் குறைத்து நாலு பேர் போய், மிஞ்சும் காசில் ஓர் அறை எடுத்தால், பயணம் போகும் பெண்ணும் குளித்துச் சற்றுப் படுத்தெழும்பி முகத் தெளிவோடு விமானம் ஏறுவாள். அழுகையும் அசதியுமாக வரிசையில் நிற்பவரிடம் பத்திரம் தவறுவதும், கேட்ட கேள்விக்குப் பதில் தடுமாறுவதும் கூடுதல்.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையில் நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது. இந்தியாவுக்கு மருத்துவத்துக்கோ கோவிலுக்கோ போகும் கிளிநொச்சிப் பெண் காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டாலே போதும். அவளுக்கு அறைச் செலவே இல்லை. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போவதற்கு இன்னும் கட்டுநாயக்காதான். ஆகவே அறையும் வாடகையும் எங்களை விட்டுப் போகப் போவதில்லை.

நகையை அடகு வைத்துப் பயணம் போகும் பெண்ணுக்கு இரண்டாயிரம் ரூபாவும் பெரிய காசு. அதைவிடப் பெரியது அவளுடைய மதிப்பு. விலையை முன்கூட்டிக் கேட்பது, அறையைப் பார்ப்பது, பற்றுச்சீட்டு வாங்குவது ஆகியவை வாய்காட்டுவதல்ல. எங்கள் ஊர்ச் சங்கங்களும் தங்கள் பகுதியிலிருந்து போய் வந்தவர்களின் அனுபவங்களைக் கேட்டு, நம்பத்தகுந்த விடுதிகளின் விலையையும் வசதியையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அடுத்துப் போகும் சகோதரிக்கு அது பெரிய துணையாக இருக்கும்.