இன்ஹேலர் எடுத்தால் பழக்கமாகிவிடுமா?

நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. காலையில் சளியோடு இருமல். ஊதிப் பார்க்கும் சோதனை (ஸ்பைரோமெட்ரி) செய்த மருத்துவர், சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் எழுதித் தருகிறார். உடனே உங்களுக்குப் பயம்: இது பழக்கமாகிவிடாதா? மாத்திரை போதாதா?

பழக்கமாகாது. மாத்திரையைவிட இதில் மருந்தும் மிகக் குறைவு. சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் அதுவே போதும். கை நடுக்கமும் படபடப்பும் மாத்திரையில்தான் அதிகம்.

“எடுத்தும் கேட்கவில்லையே?” பல நேரம் கோளாறு இழுக்கும் விதத்தில் இருக்கும், மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். அழுத்தும் வகை என்றால் நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். வாயில் வைத்து உதட்டை மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். ஆழமாக இழுத்தபின் 10 விநாடி மூச்சைப் பிடியுங்கள். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவரவில்லையா? ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் பிளாஸ்டிக் கூடு) வாங்குங்கள்; வயதானவர்களுக்கு அது அவசியம் என்றே சொல்வேன். பொடி மருந்து வகையை மட்டும் வேகமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், வாய்ப்புண் வராது. அடுத்த முறை மருத்துவர் எதிரிலேயே இழுத்துக் காட்டிச் சரிபாருங்கள்.

மூச்சு சீரானதும் நிறுத்தலாமா? தினமும் எடுக்கச் சொன்ன மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மருந்தால்தான் மூச்சு சீராக இருக்கிறது.

பீடி, சிகரெட்டை விடாமல் எந்த மருந்தும் முழுப்பலன் தராது. புகைக்கவே புகைக்காத பெண்களுக்கும் இந்நோய் வருகிறதே என்று கேட்பீர்கள். பல ஆண்டு விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். வீட்டில் அம்மா இருமிக்கொண்டே இருந்தால், வயசு என்று விட்டுவிடாமல் அழைத்துப் போங்கள்.

மூச்சு வாங்குகிறதே என்று படுத்தே கிடக்கலாமா? வேண்டாம். கால் தசை மெலிந்தால் இளைப்பு இன்னும் கூடும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் நடங்கள். இளைப்பு வந்தால் நின்று, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

சளி கூடினாலோ மஞ்சள், பச்சையாக மாறினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். உதடு நீலமாவது, பேச முடியாமல் திணறுவது, பேச்சில் குழப்பம் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.