பழைய பிக்கப் வண்டியின் கரும்புகை: ஈ.ஜீ.ஆர். வால்வின் பழுதை அறியும் முறை

மரக்கறியையும் நெல் மூடைகளையும் சந்தைக்குக் கொண்டு செல்லப் பல கமக்காரர் பழைய டீசல் பிக்கப் வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். அத்தகைய வண்டி ஏற்றத்தில் இழுவை குன்றிக் கரும்புகை கக்கத் தொடங்கினால் நட்டம் இரட்டிப்பாகும். எரிபொருட் செலவு கூடும். ஆண்டுதோறும் செய்யப்படும் புகைப் பரிசோதனையில் வண்டி தவறினால் வருமான அனுமதிப்பத்திரமும் பெற முடியாது. இதற்குரிய காரணங்களுள் ஒன்று, புகையை மீளச் செலுத்தும் ஈ.ஜீ.ஆர். வால்வின் பழுதாகும்.

வால்வின் தொழில்

எஞ்சினுள் வெப்பம் மிக உயரும்போது காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகின்றன. இவை வெயிலில் மாற்றமடைந்து, நிலமட்டத்தில் ஓசோன் தோன்ற ஏதுவாகின்றன. அந்த ஓசோன் பயிர்களின் இலைகளுக்கும் கேடு செய்யும். ஆகவே, கழிவுப் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுட் செலுத்தி வெப்பத்தைத் தணிப்பதே இவ்வால்வின் தொழில்.

பழைய வண்டிகள் பலவற்றில் இது வெற்றிட உறிஞ்சலால் இயங்குகிறது. மெல்லிய றப்பர்க் குழாய் வழியே வரும் உறிஞ்சல், வால்வின் தலையிலுள்ள றப்பர்ச் சவ்வை உயர்த்த வால்வு திறக்கும். முழுப் பாரத்தை இழுக்கும்போது அது மூடியிருத்தல் வேண்டும். மூடாவிடின் புதுக்காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். டீசல் முற்றாக எரியாது கரும்புகையாக வெளிவரும்.

சோதிக்கும் முறை

1. முதலிற் காற்று வடிகட்டியைப் பார்க்க. அது தூசியால் அடைபட்டிருந்தாலும் இதே குறிகள் தோன்றும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். அதற்கு இவ்வால்வு காரணமன்று.

2. எஞ்சின் ஆறியிருக்கையில், வால்விற்குச் செல்லும் றப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் முனையைச் சிறு ஆணியால் இறுக அடைக்க. பின்னர் வண்டியை அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க. புகை குறைந்தால் வால்வு நன்றாயுள்ளது. குழாய்கள் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் உறுப்புப் பழுதாயிருக்கலாம். புகை குறையாவிடின் வால்வையே சோதித்தல் வேண்டும்.

3. எஞ்சினை நிறுத்தி, கராச்சிலுள்ள கைவெற்றிடப் பம்பியால் வால்வை உறிஞ்சுக. உறிஞ்சல் நில்லாது இறங்கினால் சவ்வு கிழிந்துள்ளது. உறிஞ்சல் நின்றும் தண்டு அசையாவிடின் காபன் இறுகியுள்ளது.

4. இறுதியாக வால்வைக் கழற்றி, அதன் இருக்கையைப் பார்க்க. காபன் கட்டிகள் இடையிற் சிக்கியிருப்பின் வால்வு மூடாது.

துப்புரவு செய்தல்

காபனை மழுங்கிய கருவியாற் சுரண்டி, துப்புரவுத் திரவம் தோய்ந்த தூரிகையாற் கழுவுக. திரவம் றப்பர்ச் சவ்விற் படலாகாது. சுரண்டிய தூள் எஞ்சினுள் விழலாகாது. மீளப் பொருத்தும்போது புதிய கசுக்கற்று இடுக. சவ்வு கிழிந்திருந்தாலும், துப்புரவு செய்த பின்னரும் இருக்கை சரிவர மூடாவிட்டாலுமே புதிய வால்வு தேவை.

எச்சரிக்கை

சிலர் தகரத் துண்டால் வால்வின் வழியை அடைத்துவிடுகின்றனர். இதனாற் கரும்புகை குறையக்கூடும். ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத நைதரசன் ஒட்சைட்டுகள் பெருகும். இது பழுது நீக்கலாகாது. மேலும், மூடிய கொட்டகையினுள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தல் உயிருக்கு ஆபத்தாகும்.