ஈக்குப் பூஞ்சை பிடித்தால்?
வாழைப்பழத்தை வட்டமிடும் பழ ஈக்கு நம்மைப்போல் ஆன்டிபாடி கிடையாது. பூஞ்சை தாக்கினால் எப்படிச் சமாளிக்கிறது?

பியூவேரியா போன்ற பூஞ்சைக்கு ஈயின் வாய் தேவையில்லை. வித்து தோலில் ஒட்டி முளைக்கும். நொதிகளால் தோலைக் கரைத்து உள்ளே இறங்கும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. ஈயின் உடல்நீரில் ஒரு புரதம் பூஞ்சைச் சுவரின் பீட்டா குளுக்கானை அடையாளம் காணும். இன்னொன்று, 'பெர்செஃபனி', பூஞ்சையின் நொதி வெட்டியதுமே விழித்துக்கொள்ளும். திருடனின் கன்னக்கோலே மணியடித்துக் காட்டிக்கொடுப்பதுபோல! செய்தி 'டோல்' என்ற ஏற்பியை எட்டியதும், கொழுப்புத் திசு டிரோசோமைசின் எனும் பூஞ்சைக்கொல்லியைச் சுரக்கும்.

1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ழூல் ஹோஃப்மன் குழு, டோல் பழுதான ஈக்களில் பூஞ்சையைத் தொற்றவைத்தது. செத்த ஈயின் மேலெல்லாம் பூஞ்சை இழைகள் முடிபோல் மண்டிக் கிடந்தன. பூஞ்சையைத் தடுக்க டோல் வேண்டும் என்ற அந்தக் கண்டுபிடிப்புக்காக 2011இல் ஹோஃப்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.