கிளம்ப மறுக்கும் மோட்டார் வண்டி

சாவியைத் திருப்பியதும் மோட்டார் வண்டி உயிர்பெற மறுத்தால் பெரும்பாலோர் செய்யும் முதற்காரியம், அதே சாவியைப் பத்து முறை திருப்புவது. இரண்டாவது, அயலவர் சொற்கேட்டுப் புதிய பற்றரி ஒன்றை வாங்குவது. முந்தியது எஞ்சியிருக்கும் மின்சாரத்தையும் தீர்த்துவிடும். பிந்தியது பல வேளைகளில் வீண் செலவாய் முடியும். நள்ளிரவில் நோயாளி ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய வீட்டிலே இவ்விரண்டுக்கும் அவகாசமில்லை. ஆகவே, வண்டியின் நோயைக் காதினாற் கேட்டு அறியும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

பெற்றோல் எஞ்சின் ஒன்று கிளம்புவதற்கு மூன்று வேண்டும். அது போதிய வேகத்துடன் சுழற்றப்பட வேண்டும். காற்றோடு கலந்த பெற்றோல் ஆவி உள்ளே செல்ல வேண்டும். தக்க தருணத்தில் மின்பொறி பிறக்க வேண்டும். இவற்றுள் எது குறைந்தது என்று காண்பதே நோயறிதல். ஒன்று செவ்வையாக உள்ளதென உறுதியான பின்னரே அடுத்ததை நாடுதல் வேண்டும்.

முதலிற் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் இரும்புக் கைபிடியால் எஞ்சினைச் சுற்றினார்கள். அது திருப்பி உதைத்ததாற் கை முறிந்தவர் பலர். சாள்ஸ் கெற்றறிங் என்னும் அமெரிக்கர் ஆக்கிய மின் ஸ்டாட்டர் 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டியிற் பொருத்தப்பட்ட பின்னரே அந்தத் தொல்லை ஒழியத் தொடங்கியது. இச்சிறு கருவி ஒரே கணத்தில் 100 அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை உறிஞ்சும். முன்விளக்கு ஒன்றுக்கோ ஏறத்தாழ 5 அம்பியர் போதும். “விளக்கு நன்றாக எரிகின்றதே, பற்றரியிற் குற்றமிராது” என்று வாதிப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகின்றார்கள். சிற்றோடைக்கு வழிவிடும் வாய்க்கால் பெருவெள்ளத்துக்குப் போதாது அல்லவா?

ஆயினும், அதே விளக்கு நமக்கு நல்ல சாட்சியாகும். கியரை நடுநிலையில் வைத்துக் கைத்தடையையும் இழுத்துக்கொள்ளுங்கள். முன்விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். “டக டக” என்று விரைந்த ஒலியெழுந்து விளக்கும் மங்கினால், மின்வலி போதவில்லை. ஒரேயொரு “டக்” ஒலியுடன் விளக்கு மங்காதிருந்தால், ஸ்டாட்டரையோ அதன் ஆளியையோ சந்தேகிக்கலாம். எஞ்சின் முனகி முனகி மெல்லச் சுழன்றால், மீண்டும் பற்றரிப் பக்கமே பார்க்க வேண்டும்.

மின்வலி போதவில்லை என்றவுடன் பற்றரி செத்துவிட்டதென முடிவுகட்டலாகாது. அதன் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் தூள்கூட மின்னோட்டத்தைத் தடுக்கும். வண்டியின் உடலோடு பூட்டிய கம்பியை முதலிற் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீராற் கழுவித் துடைத்து, இறுகப் பூட்டிப் பாருங்கள். தீக்குச்சி வெளிச்சத்தில் இவ்வேலையைச் செய்யவே கூடாது. பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வெடிக்க வல்லது.

வோல்ற்றுமானி கையிலிருந்தால் ஐயம் இன்னும் தெளியும். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். 12 அளவிலே நின்றால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது இந்த அளவு பொதுவாக 14ஐ அண்டி ஏற வேண்டும். ஏறவில்லையெனில், மின் பிறப்பிக்கும் கருவியே பழுது. அந்நிலையில் எத்தனை புதிய பற்றரி வாங்கினாலும் அவையும் சில நாட்களில் வற்றிப்போகும்.

எஞ்சின் விரைவாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால், பற்றரியை விட்டுவிடலாம். இனி ஆராய வேண்டியது ஆவியும் பொறியுமே. பெற்றோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவியே எரிகின்றது. 1990களில் யாழ்ப்பாணத்தில் வண்டியோட்டியவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பெற்றோல் தடைப்பட்டிருந்த அக்காலத்தில் அங்கே பழைய கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றி எரியத்தக்க ஆவியைத் தராது; பெற்றோலோ உறைபனிக் குளிரிலும் தரும். ஆதலால், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பொறியும் சுழற்சியும் சரியாயிருந்தும் ஆவியில்லாவிட்டால் வண்டி அசையாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

பெற்றோல் வருகின்றதா என்பதையும் காது அறியும். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட மொறிஸ் மைனரிற் சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பி “டிக் டிக்” என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் அடங்கும். ஓயாது அடித்தால் தாங்கியில் எண்ணெயில்லை, அல்லது குழாயிற் காற்று நுழைகின்றது. அடிக்கவே இல்லையெனில் அதன் உள்முனைகள் ஒட்டியிருக்கலாம். திருகுசாவியின் பிடியால் மெல்லத் தட்டினால் விழித்துக்கொள்வதும் உண்டு. புதிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் தாங்கியினுள்ளிருந்து ஓரிரு விநாடி மெல்லிய இரைச்சல் கேட்கும். மாறாக, பெற்றோல் நெடி மூக்கைத் துளைத்தால் எரிபொருள் மிகையாகிவிட்டது. வேகமிதியை முற்றாக அழுத்தியபடி சில விநாடி சுழற்றினால் மிகை வெளியேறும்.

மழைக்காலக் காலையில் மட்டும் தொல்லை தரும் பழைய வண்டியில், டிஸ்ரிபியூட்டர் மூடியின் உட்புற ஈரத்தை உலர்ந்த துணியால் துடைப்பதே பாதி மருந்து. புதிய வண்டிகளின் பொறியமைப்பில் அதிவலு மின்சாரம் பாய்வதால், அதனைக் கையால் தொட்டுச் சோதிக்க முற்படாது கராஜ்காரரிடம் விட்டுவிடுக. எவ்வகை ஒலி கேட்டது, குளிர்ந்திருந்தபோதா ஓடிச் சூடேறிய பின்னரா கிளம்ப மறுத்தது, மழை பெய்திருந்ததா என்பவற்றை மட்டும் அவரிடம் மறவாது சொல்லுங்கள்.

வண்டியைத் தள்ளிக் கிளப்பும் வழக்கம் பற்றி ஒரு சொல். கையாற் கியர் மாற்றும் பழைய வண்டிக்கு அது ஆகும். தானியங்கிக் கியர் வண்டியை எத்தனை பேர் கூடித் தள்ளினாலும் எஞ்சின் சுழலாது.